அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இடுப்பில் வைக்கச் சின்ன பிஸ்டல் வாங்குவது எப்படி

முதலில் சிங்கப்பூரில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. சுட்டாலோ, சுட முயன்றாலோ தூக்கு. தற்காப்புக்கு என்று சொல்லித் துப்பாக்கி வாங்கி இடுப்பில் செருகிக்கொள்ள இங்கே வழியே கிடையாது, அது இல்லாமலேயே ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேக்காவில் இருந்து ஈசூனுக்கு நம் பெண்கள் தனியாக வீடு திரும்புகிறார்கள். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் நம்மில் பலருக்கு அக்காவோ தம்பியோ பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே கதை வேறு. என் அக்காவும் அத்தானும் ஹூஸ்டன் பக்கத்தில் மளிகைக் கடை நடத்துகிறார்கள், இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு அன்றைய பணத்தோடு இருட்டான கார் நிறுத்துமிடத்தில் நடக்க வேண்டும். இரண்டு வருடமாக யோசித்துவிட்டு அத்தான் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டு, "நீதானப்பா துப்பாக்கி தூக்கின ஆளு, எதை வாங்குறதுன்னு சொல்லு" என்றார். நான் ஆறு வருடம் துணைப் போலிஸில் வேலை பார்த்தவன், ஐந்து குண்டு போடும் .38 ரிவால்வரை இடுப்பில் மாட்டிக்கொண்டு தினமும் பன்னிரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். ஒரு துப்பாக்கியை நாள் முழுக்கச் சுமப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதை மறைத்து வைப்பது என்றால் என்ன என்று தெரியாது, அதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். சென்ற ஆண்டு ஐந்து வாரம் அங்கே போய் இருந்து, இருவரோடும் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய், வாடகைத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றை வாங்கவைத்துவிட்டு வந்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

வாங்கலாமா என்பதே முதல் கேள்வி

இதை நம்மவர்கள் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்க வேண்டாம், குடிநுழைவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், ஏனென்றால் இங்கே தப்பு நடந்தால் போவது துப்பாக்கி மட்டுமல்ல, வேலையும் விசாவும் சேர்ந்து போகும். கிரீன் கார்டு வைத்திருப்பவரும் குடியுரிமை பெற்றவரும் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது என்பது பொது விதி. 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், கடைக்காரர் உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார். படிவத்தில் "இது உனக்காகத்தான் வாங்குகிறாயா" என்று ஒரு கேள்வி இருக்கும். வாங்கத் தகுதியில்லாத தம்பிக்காக, நண்பனுக்காக நீங்கள் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்தால் அது பெரிய குற்றம். பாசத்தில் செய்தேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சஸில் 2021 செப்டம்பரில் இருந்து, 21 வயது ஆன, சட்டப்படி தடை இல்லாதவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனாலும் அத்தானை உரிமம் எடுக்கச் சொன்னேன். 40 டாலர் கட்டணம், நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, 3, 7, 15 கெஜ தூரத்தில் 50 குண்டு சுட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த உரிமத்தை ஏற்கும் பிற மாநிலங்களில் அது உதவும், அதைவிட முக்கியம், சட்டம் எங்கே எப்போது சுட அனுமதிக்கிறது என்பதை ஒருவர் உட்கார வைத்துச் சொல்லித் தருவார். கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும், மேகசினில், அதாவது குண்டு நிரப்பித் துப்பாக்கிக்குள் செருகும் பெட்டியில், பத்துக் குண்டுக்கு மேல் கூடாது. நியூ ஜெர்சியில் வாங்குவதற்கே முன் அனுமதி வேண்டும், நுனி குழிவான ஹாலோ பாயிண்ட் தோட்டாவை வெளியே எடுத்துப் போவதற்குக் கடுமையான கட்டுப்பாடு. நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருக்கும் ஒருவர் டெக்சஸ்காரர் சொன்னதைக் கேட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வார்.

பள்ளிக்கூடம், நீதிமன்றம், தபால் நிலையம், விமான நிலையத்தின் சோதனைக்கு அப்பாற்பட்ட பகுதி, இங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது. டெக்சஸில் கடை, கோவில், மருத்துவமனை வாசலில் 30.06 என்ற எண்ணோடு அறிவிப்புப் பலகை இருந்தால், உரிமம் இருந்தாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பலகையைப் பார்க்காமல் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே உள்ளே போய்விடுவது சுலபம், அதனால் கதவைத் தொடும் முன் பலகையைத் தேடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சின்னது?

அத்தான் முதலில் கேட்டது கிளாக் 19. நல்ல துப்பாக்கிதான். 1988இல் வந்தது, 9 எம்எம், மேகசினில் 15 குண்டு, நான்கு அங்குலக் குழல், குண்டு இல்லாமல் காலி மேகசினோடு சுமார் 670 கிராம். உலகம் முழுக்கப் போலிஸ்காரர்கள் நம்பும் துப்பாக்கி. ஆனால் நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: ஆகஸ்ட் மாதம் ஹூஸ்டனில் என்ன உடுத்துவீர்கள்? அங்கே வெயில் நம்ம ஊர் வெயில் மாதிரியேதான், புழுக்கம், வேர்வை. டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும்தான். கோட்டு போட்டு மறைக்க வழியில்லை. கனமான துப்பாக்கியை வாங்கினால் முதல் மாதம் மாட்டிக்கொள்வார்கள், இரண்டாம் மாதம் காரில் வைப்பார்கள், மூன்றாம் மாதம் அது வீட்டு அலமாரியில் இருக்கும், கார் கண்ணாடியை உடைத்துத் திருடிக்கொண்டு போனாலும் போவார்கள். பத்து மணிக்குக் கடையைப் பூட்டும்போது இடுப்பில் இருக்கப்போவது எதுவோ அதுதான் வாங்க வேண்டிய துப்பாக்கி.

அதற்காக மிகச் சின்னதுக்கும் ஓடக் கூடாது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் கண்ணாடிக்குள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு துப்பாக்கியைப் பார்த்ததும் "ஐயோ, எவ்வளவு அழகா, எவ்வளவு லேசா இருக்கு" என்று தோன்றும். அக்காவுக்கும் அதுதான் தோன்றியது. ரேஞ்சில் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம், 300 கிராம் அளவுதான் இருக்கும், .380 தோட்டா. ஆறாவது குண்டுக்கு அக்கா கீழே வைத்துவிட்டாள், கட்டை விரல் அடியில் தோல் சிவந்துவிட்டது. எடை குறையக் குறைய, சுடும்போது கையில் வாங்கும் உதைப்பு கூடும், கைப்பிடி குட்டையாக இருந்தால் சுண்டு விரல் தொங்கிக்கொண்டிருக்கும், குழல் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே தூரம் குறைந்து, கை கொஞ்சம் ஆடினாலும் குண்டு எங்கோ போகும். சுட வலிக்கும் துப்பாக்கியோடு யாரும் பயிற்சி எடுக்க மாட்டார்கள். பயிற்சி இல்லாதவர் கையில் அது இருந்து என்ன பயன்?

ஆகவே நடுவில் ஒரு அளவு. எடை 500 முதல் 625 கிராம், குழல் 3 முதல் 3.5 அங்குலம், மேகசினில் 10 முதல் 13 குண்டு. இந்த அளவில் 2018இல் சிக் சாவர் கம்பெனி பி365 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தது, கையகல உடம்பில் பத்துக் குண்டு அடக்கியதுதான் அதன் சாமர்த்தியம், அதன் பிறகு எல்லாக் கம்பெனிகளும் அதே பாதையில் இறங்கிவிட்டன. வாங்குபவருக்கு அதனால் லாபம்தான், போட்டி கூடி விலை இறங்கியது.

தோட்டா: 9 எம்எம் வாங்குங்கள். 1902இலேயே ஜெர்மனியில் உருவானது, இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும், கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் விலையும் குறைவு. எஃப்பிஐ 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு பெரிய தோட்டாக்களைத் தேடிப் போய், கடைசியில் திரும்பவும் 9 எம்எம்முக்கே வந்தது. தோட்டாவின் வடிவமைப்பு தேறிவிட்டது, உதைப்பு குறைவு என்பதால் அதிகம் பேர் நன்றாகச் சுடுகிறார்கள், அதுதான் காரணம். .45, .40 என்று யாராவது வீரம் பேசினால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். .380 மட்டும் ஒரு நிலையில் சரி, அதைக் கீழே சொல்கிறேன்.

எந்தத் துப்பாக்கி

விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், நான் சொல்வது சுமார் கணக்கு, எல்லாம் அமெரிக்க டாலரில்.

250 முதல் 300 டாலருக்குள் என்றால் பிரேசில் கம்பெனியான டாரஸின் ஜி3சி இருக்கிறது, 12 குண்டு, 625 கிராம் அளவு. ரூகர் இசி9எஸ் இன்னும் ஒல்லியானது, ஏழு குண்டுதான், ஆனால் அகலம் குறைவு என்பதால் மறைப்பது சுலபம். இவற்றின் விசை (டிரிக்கர்) இழுக்கக் கொஞ்சம் கடினமாக இருக்கும், குறிகள் சாதாரணம், தேய்த்து மெருகேற்றிய அழகு இருக்காது. அதெல்லாம் பரவாயில்லை. 400 டாலரைத் தாண்டினால் ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு பிளஸ். 2021இல் வந்தது, 10 குண்டு மேகசின் ஒன்று, 13 குண்டு மேகசின் ஒன்று கூடவே வரும், விசை இந்த விலைக்கு மிக நல்லது. என் கைக்கு அதுதான் ஒட்டிக்கொண்டது. ரூகர் மேக்ஸ்-9உம் ஏறக்குறைய அந்த ரகம். 500 டாலருக்கு மேல் போனால் பி365, ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், கிளாக் 43எக்ஸ். எல்லாமே நல்லவை, ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் 150 டாலரில் 500 குண்டு சுட்டுப் பழகலாம் என்பதை நினைவில் வையுங்கள். புதிதாகப் பழகுபவருக்கு அந்த 500 குண்டுதான் பெரிய வித்தியாசம் செய்யும்.

கையில் பலம் குறைந்தவர்களுக்கு, மூட்டு வலி இருப்பவர்களுக்கு வேறு விஷயம் பார்க்க வேண்டும். சின்ன பிஸ்டல்களில் ஸ்லைடை, அதாவது குண்டு ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல் பாகத்தை, இழுப்பது கஷ்டம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குட்டை, விறைப்பு அதிகம். அக்காவால் முதலில் முடியவே இல்லை. கடைக்காரர்கள் இப்படிப்பட்ட பெண்களுக்கு உடனே ரிவால்வரைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு நல்ல பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார்: ஸ்லைடை விரல் நுனியால் கிள்ளி இழுக்காதே, இடது உள்ளங்கையை மேலே கவிழ்த்து இறுகப் பிடி, அதை அப்படியே வைத்துக்கொண்டு வலது கையில் இருக்கும் துப்பாக்கியை முன்னால் தள்ளு, குழல் எப்போதும் குறிப்பலகைப் பக்கமே இருக்கட்டும். மூன்றாம் முறை முடிந்துவிட்டது. அப்படியும் முடியாதவர்களுக்கென்றே ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு ஈஸி என்று ஒன்று செய்கிறது, .380 தோட்டாவில் 2018இல் வந்தது, ஸ்லைடு பஞ்சு மாதிரி வரும், எடையும் 500 கிராமுக்கு மேல் இருப்பதால் உதைக்காது. .380 வாங்கத் தகுந்த நிலை என்று நான் சொன்னது இதுதான்.

ரிவால்வர் பற்றி நான் சொன்னால் கேளுங்கள், ஆறு வருடம் அதனோடு இருந்தவன். "ரிவால்வர் ஜாம் ஆகாது, பெண்களுக்கு அதுதான் லாயக்கு" என்பார்கள். பராமரிப்பு சுலபம் என்பது உண்மை, சட்டைப் பையிலும் வைக்கலாம். ஆனால் மறைத்து வைப்பதற்கென்று விற்கும் ரிவால்வர் 400 கிராம் அளவுதான், குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை, விசையை இழுக்க ஐந்து கிலோ அளவு பலம் வேண்டும், உதைப்போ கடுமை. இருப்பது ஐந்தே குண்டு, திரும்ப நிரப்புவது மெதுவானது. நாங்கள் எடுத்துச் சென்றது அதைவிடக் கனமானது, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள், அப்போதே சக பெண் அதிகாரிகள் அந்த விசையோடு எவ்வளவு போராடினார்கள் என்று பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவருக்கு அது கஷ்டமான துப்பாக்கி.

கடையில் நிற்கும்போது

கையில் வாங்கியதும் முதல் வேலை, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்து, சுண்டு விரலால் தடவியும் பாருங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும், சுட நினைக்காத எதன் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது, குறி வைத்துச் சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே, குறிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த நான்கும் பழக்கமாகாதவர் துப்பாக்கி வாங்க இன்னும் தயாராகவில்லை.

பிறகு கையில் பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் உள்ள சதை விசையின் நடுவில் இயல்பாக உட்கார வேண்டும், விரல் எட்டவில்லை என்றாலும், மறுபக்கம் தாண்டிப் போனாலும் குண்டு பக்கவாட்டில் போகும். மேகசின் கழற்றும் பொத்தானைப் பிடியை மாற்றாமல் கட்டை விரலால் அழுத்த முடிகிறதா? கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை முன்னே நீட்டி, கண்ணைத் திறந்தால் இரண்டு குறிகளும் நேர்கோட்டில் இருக்கின்றனவா? இதை நான்கைந்து துப்பாக்கிகளில் செய்து பார்த்தால் ஒன்று "இது நம்முடையது" என்று கைக்கே தெரியும். முடிந்தால் அதே ரகத்தை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து 50 குண்டு சுடுங்கள். நான் சிங்கப்பூர்க் கடப்பிதழோடு விசா விலக்கில் போயிருந்ததால் என்னையும் சுட விட்டார்கள், அதையும் தெளிவாகக் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

தெரியாமல் சுட்டுவிடாதபடி தடுக்கும் பாதுகாப்புப் பூட்டு (சேஃப்டி) துப்பாக்கியிலேயே தனியாக வேண்டுமா என்று கேட்பார்கள். இந்த ரகத்தில் பலவற்றை பூட்டு உள்ளது, இல்லாதது என்று இரண்டு விதமாகவும் விற்கிறார்கள். பூட்டு இருந்தால் மன நிம்மதி என்பவர்கள் வாங்கலாம், ஆனால் ஒவ்வொரு பயிற்சியிலும் அதைத் திறந்து பழக வேண்டும், பதற்றத்தில் கை தானாகச் செய்யும் அளவுக்கு. பூட்டு இல்லை என்றால், துப்பாக்கியைச் செருகி வைக்கும் நல்ல உறைதான் (ஹோல்ஸ்டர்) பூட்டு.

பழைய துப்பாக்கி வாங்கலாமா? வாங்கலாம். போலிஸ் துறைகள் மாற்றிக் கொடுத்தவை நல்ல விலைக்கு வரும், மேலே உறை உரசிய தேய்மானம் இருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். குழலின் வாய் ஓரத்தில் வெட்டு இருக்கக் கூடாது, உள்ளே வெளிச்சம் காட்டிப் பார்த்தால் குழிகள் தெரியக் கூடாது, வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். வாங்கியதும் பத்துப் பதினைந்து டாலருக்கு ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள்.

நம்பகம் என்பதை நீங்களேதான் சோதிக்க வேண்டும்

இதுதான் நான் மிகவும் வலியுறுத்தும் இடம். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், யார் என்ன சொன்னாலும், உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு துப்பாக்கி, உங்கள் மேகசினோடு, உங்கள் தோட்டாவோடு, உங்கள் பிடியில் சுடுகிறதா என்பது ஒன்றுதான் கணக்கு. வாங்கியதும் எண்ணெய் துடைத்து, சுத்தம் செய்து, லேசாக எண்ணெய் விட்டு, சாதாரணப் பயிற்சித் தோட்டா 200 சுடுங்கள். அடுத்து, எடுத்துச் செல்லப்போகும் ஹாலோ பாயிண்ட் தோட்டா குறைந்தது 50. ஹாலோ பாயிண்ட் ஏன் என்றால், அது உடலுக்குள் விரிந்து நின்றுவிடும், பின்னால் நிற்கும் அடுத்தவர் மேல் பாயும் அபாயம் குறைவு. ஆனால் அதன் வாய் அகலமாக இருப்பதால் சில சின்னத் துப்பாக்கிகளில் ஏறும்போது முட்டிக்கொள்ளும். ஒரு தோட்டா ரகம் முட்டினால் வேறு ரகம் பாருங்கள்.

முதலில் அத்தான் வேறொரு மலிவான துப்பாக்கியைத்தான், பெயர் வேண்டாம், நண்பரிடம் வாங்கிச் சோதித்தார். முதல் நூறில் ஏழு முறை சிக்கியது. எல்லாரும் துப்பாக்கியைத் திட்டினார்கள். நான் இரண்டு மேகசினிலும் பேனாவால் ஒன்று, இரண்டு என்று எண் எழுதிவிட்டுத் திரும்பச் சுடச் சொன்னேன். ஐந்து சிக்கல் இரண்டாம் மேகசினில்தான் வந்தன, அதன் வாய் லேசாக வளைந்திருந்தது. மீதி, அத்தான் மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்ததால் வந்தது. சின்னத் துப்பாக்கியில் மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாது, சுட்ட தோட்டாவின் காலி உறை சிக்கிக்கொள்ளும். ஆகவே சிக்கினால் முதலில் பிடி, பிறகு மேகசின், பிறகு தோட்டா, கடைசியில்தான் துப்பாக்கி. எல்லாவற்றையும் சரிபார்த்தும் 250 குண்டில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் சிக்கினால் கம்பெனிக்குப் பழுதுபார்க்க அனுப்புங்கள், திரும்பி வந்தும் சிக்கினால் அதை இடுப்பில் வைக்க வேண்டாம்.

விசையை மாற்றுவது, ஸ்பிரிங்கை லேசாக்குவது, விளக்கு, கண்ணாடி வழியாகக் குறி பார்க்கும் கருவி என்று ஒட்டுவது எல்லாம் முதல் வருடம் வேண்டாம். பெட்டியில் இருந்து வந்தபடியே இருக்கட்டும்.

மொத்தக் கணக்கு

கையில் 700 டாலர் இருக்கிறது என்றால் துப்பாக்கிக்குப் பாதிக்கு மேல் போகக் கூடாது. அத்தானுக்குப் போட்ட கணக்கு: துப்பாக்கி 300, உறை 60, தடித்த பெல்ட் 40, பயிற்சித் தோட்டா 300க்கு 90, ஹாலோ பாயிண்ட் 50க்கு 50, பூட்டுப் பெட்டி 50, வகுப்பு 80. சிங்கப்பூர் வெள்ளியில் பார்க்க வேண்டுமென்றால் 1.3ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உறையில் மிச்சம் பிடிக்காதீர்கள். எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று பத்து டாலருக்கு விற்கும் துணி உறை வேண்டவே வேண்டாம். உங்கள் துப்பாக்கிக்கென்றே வார்த்த கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை, விசைப் பகுதியை முழுசாக மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மூடிக்கொள்ளாமல் விறைப்பாக நிற்க வேண்டும். கால்சட்டைக்கு உள்ளே, வலது இடுப்புக்குக் கொஞ்சம் பின்னால் வைத்தால் டி-ஷர்ட் மறைத்துவிடும், ஒரு அளவு பெரிய சட்டையும் அடர்ந்த நிறமும் உதவும். திரும்ப உறைக்குள் செருகும்போது அவசரமே கூடாது, கண்ணால் பார்த்து, சட்டை நுனி விசையில் சிக்கவில்லை என்று உறுதிசெய்து, மெதுவாகச் செருகுங்கள். பல விபத்துகள் நடப்பது அந்த நொடியில்தான். வேர்வைக்கு இரும்பு துருப்பிடிக்கும், வாரத்துக்கு ஒரு முறையாவது துடைத்து எண்ணெய் போடுங்கள்.

அக்கா கைப்பையில் வைக்கலாம் என்று நினைத்தாள். வேண்டாம் என்றேன். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை எடுத்தது, சுட்டது, அந்த அம்மா அங்கேயே இறந்துபோனார். நல்ல கைப்பை, நல்ல பழக்கம் உள்ள பெண்தான். உடம்போடு இருந்தால் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், பையில் இருந்தால் பை எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் பூட்டுப் பெட்டியில். சாமி அறை அலமாரி மேல், மெத்தைக்கு அடியில் என்ற பேச்சே வேண்டாம், பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று வீட்டில் எதுவும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனம் உடைந்து, தூக்கமில்லாமல், பேச்சில்லாமல் இருக்கிறார்கள் என்றால், அந்தக் காலம் கழியும் வரை துப்பாக்கி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். நம்பகமான ஒருவரிடமோ, பாதுகாப்பாக வைத்துக்கொடுக்கும் கடையிலோ கொடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் இதைப் பேச வெட்கப்படுகிறோம், ஆகவேதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

பயிற்சிக்கு மாதம் ஒரு முறை 50 குண்டு போதும், நடுவில் வீட்டில் குண்டில்லாமல் விசை இழுத்துப் பழகலாம், தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும், இரண்டு முறை சோதித்த பிறகுதான் தொடங்க வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு கெஜ தூரம்தான் முக்கியம். முதலில் நிதானம், பிறகு வேகம்.

கடைசியாக, அங்கிருந்து ஊருக்கு வருபவர்களுக்கு. 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவை குண்டு நிரப்பியவை, "பையில் இருந்தது மறந்துவிட்டேன்" என்றுதான் பலரும் சொன்னார்கள். சாங்கியில் இறங்குபவருக்கோ ஒரே ஒரு தோட்டாகூட, ஏன், சுட்டு முடித்த தோட்டாவின் காலி உறைகூடப் பெரிய தொல்லை, துப்பாக்கி வடிவத்தில் உள்ள சிகரெட் லைட்டரைக்கூட இங்கே கொண்டுவரக் கூடாது. ஆகவே ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை ரேஞ்சுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள், பயணத்துக்கு எடுக்காதீர்கள். தீபாவளிக்கு அக்கா குடும்பம் இங்கே வந்தபோது, கிளம்பும் முதல் நாள் ராத்திரி வீடியோவில் அத்தான் எல்லாப் பைகளையும் கட்டிலில் கவிழ்த்துக் காட்டினார், ஜீன்ஸ் பைகளையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார், பழைய ஜாக்கெட் ஒன்றின் பையில் இருந்து ஒரு பித்தளை உறை உருண்டு விழுந்தது.